சாப்பிடுகிற கை

"உங்களுக்கு ரைட்டுங்களா, லெஃப்ட்டுங்களா மேடம்?" என்று கோல்ஃப் கடைக்காரர் கேட்டார். ஐம்பத்தொரு வயதுக் கோகிலவாணியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? செருப்புக் கடையில் அளவு கேட்டால் சொல்லிவிடலாம், ரத்தம் எடுக்கிற இடத்தில் பிரிவு கேட்டால் சொல்லிவிடலாம், இதற்குப் போய் வாயடைத்துக்கொண்டது. கடைக்காரர் அருள்பிரகாசம் நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். அவளைச் சங்கடத்தில் விட மனமில்லாமல், "ஒண்ணுமில்லீங்க, சாப்பிடற கை எதுங்க?" என்று கேள்வியை எளிதாக்கிக் கொடுத்தார். "சோத்தாங்கைதானுங்க" என்றாள். "அப்ப ரைட்டுத்தானுங்க. லேடீஸ் செட் மாடியில இருக்குது, எடுத்துட்டு வந்தர்றேன், உக்காருங்க" என்று படியேறிப் போய்விட்டார். கேள்வி முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் உள்ளே ஏதோ தட்டியது, சரியான பெயரை எழுதித் தப்பான தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட மாதிரி. சாப்பிடுகிற கை எது என்று கேட்டால் இந்த ஊரில் யார்தான் வேறு பதில் சொல்லப் போகிறார்கள்?

உட்காரச் சொன்னாரே தவிர உட்காரத் தோன்றவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவிநாசி ரோடு பதினொரு மணி வெயிலில் இரைந்துகொண்டிருந்தது, டிரைவர் செல்வராசு காரைப் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து செல்போனில் மூழ்கியிருந்தார். டிரைவர் என்றதும் முகம் சூடானது. வந்தவுடனே அருள்பிரகாசம், "டிரைவர் தனியாத்தான் வாங்கோணுமுங்க, செட்டோட வராது" என்றபோது அவள் வெகுளியாக, "டிரைவர் வெளிய நிக்கறாருங்க" என்று சொல்லிவைத்தாள். அவர் சிரிக்காமல் இருந்தது பெரிய மனுஷத்தனம். பந்தைத் தொலைதூரம் அனுப்புகிற பெரிய தலை மட்டைக்குத்தான் டிரைவர் என்று பேராம். குழிக்குள் மெல்லத் தள்ளுகிறது பட்டர். இடையில் ஐயன், நம்பர் போட்டு ஏழெட்டு. இந்தப் பேர்களெல்லாம் இருபது வருஷமாக வீட்டில் புழங்கியவைதான், குமரகுரு விடியற்காலை மைதானத்துக்குப் போய்விட்டு வந்து யாரிடமாவது போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அவள் ஒன்றைக்கூடக் காதில் வாங்கிக்கொண்டதில்லை. புருஷன் ஒரு பாஷை பேசுகிறார், பெண்டாட்டிக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது, இதில் பொறாமைப்படவும் வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஆடுவார்கள். நாலில் ஒருவர், பல் டாக்டர் வேலுச்சாமி, மகனோடு இருக்க மெல்பர்னுக்குப் போய்விட்டார். "நாலாவது ஆள் இல்லாம ஆட்டமே சப்புன்னு இருக்குது" என்று போன மாதம் இட்லியைப் பிட்டுக்கொண்டே குமரகுரு சொன்னார். "நான் வரட்டுங்களா?" என்று கேட்டது யார் குரல் என்று அவளே திரும்பிப் பார்த்திருப்பாள். அவர் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார், என்னவோ கணக்குப் போடுகிற பார்வை. பிறகு, "வா. ஆனா மொதல்ல கிளப்பு கோச் ரங்கசாமிகிட்டப் பத்து கிளாஸ் போ. அவசரப்பட்டு எதையும் வாங்கிப்போடாத" என்றார்.

அந்த வார்த்தைதான் ஒரு மாதமாகச் செருப்புக்குள் கல்லாக உறுத்துகிறது. வாங்காதே என்று சொல்லியிருக்கலாம். வாங்கிப்போடாதே. அந்தப் 'போடாதே'க்குள் வீட்டுப் பரண் முழுக்க இருக்கிறது. கீபோர்டு இருக்கிறது, மகள் காவ்யா பத்தாவது படித்தபோது அவளுக்கென்று சொல்லி இவள் தனக்காக வாங்கியது. தையல் மிஷின் இருக்கிறது, மோட்டார் வைத்தது. பரணில் ஏற்ற முடியாததால் கார் மட்டும் புங்கமரத்தடியில் நிற்கிறது, வாங்கிய பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், காம்பவுண்டு சுவரில் ஒரு முட்டு முட்டி, செல்வராசு வந்து சேர்ந்த கதை. ஒவ்வொன்றும் வீட்டுக்கு வரும்போது அவள் மனசு முழுக்கத்தான் ஆசைப்பட்டாள், யாரும் நம்பமாட்டார்கள். ஆசை பொய்யாக இருந்தால் விட்டுப்போனதில் வருத்தம் இருக்காதே. இந்தத் தடவை வருத்தம் என்ன, பயமே வந்துவிட்டது. ஏனென்றால் இது மட்டையைப் பற்றியது இல்லை. காவ்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற பேச்சு, மோட்டார் போட்டாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, மாத்திரை போட்டாச்சா. இதில் சண்டையும் இல்லை. சண்டை இருந்தால்கூடக் கொஞ்சம் உற்சாகமாக இருக்கும். வாரத்தில் மூன்று காலை, நாலு மணி நேரம் அந்த மனிதரோடு நடக்க வேண்டும், அவர் என்ன பேசுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. இதுவும் பரணுக்குப் போனால் அவர் இன்னொரு தடவை வா என்று சொல்லமாட்டார். அவளும் இனித் தன் ஆசை எதையும் நம்பமாட்டாள்.

பத்து கிளாஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு வைத்தாலும் ஐந்து வாரம், அதற்குள் கிளப்பில் நாலாவதாக எவனாவது ஒரு ஸ்பின்னிங் மில் மாப்பிள்ளை வந்து ஒட்டிக்கொள்வான். மட்டையை வாங்கிக் கொண்டுபோய் ஹாலில் நிறுத்திவிட்டால் யாரும் மறுக்க முடியாது. அதுவும் ஒரு நியாயம்தான். சின்ன நாத்தனார் அப்படித்தான் சொன்னாள், செட் வாங்கினாத்தான் அண்ணி போகோணும்னு தோணும், இல்லாட்டி இன்னைக்கு மழை நாளைக்கு விரதம்னு போயிரும் என்று. அவள் சொன்னால் சரியாக இருக்கும், அவள் யோகாப் பாய் வாங்கி ஆறு வருஷமாக அதில் வடகம் காயப்போடுகிறாள். சிரிப்பு வந்தது. சரி, கற்றுக்கொண்டு வாங்குவதா, வாங்கிக்கொண்டு கற்பதா? நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீர் என்றால் எவன் நீந்துவான்? அதே சமயம் கிணறு வெட்டிவிட்டு நீச்சல் பழகுகிறவனும் யாரும் இல்லை. அவள் சமைக்கக் கற்றது சீர்வரிசைப் பாத்திரத்தில்தான். கல்யாணத்துக்கு முன்னால் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது, பாத்திரம் மட்டும் ஒரு டெம்போ நிறைய வந்தது, ரசம் என்று அவள் வைத்ததைக் குமரகுரு மூன்று மாதம் ரசம் என்றே நம்பிக் குடித்தார். பாத்திரம் என்ன, புருஷனே அப்படித்தான். முதலில் வீட்டுக்கு வந்தார், பிறகுதான் பாடம். அரைமணி நேரம் பார்த்ததில் என்ன தெரிந்தது, மீசை தெரிந்தது. அவருக்குப் பூண்டு ஆகாது, கோபம் வந்தால் பேச்சு குறையும், காய்ச்சலில் அம்மாவைக் கூப்பிடமாட்டார் அக்காவைத்தான் கூப்பிடுவார், இதெல்லாம் ஒவ்வொரு கிளாஸாக வந்தது. இருபத்தெட்டு வருஷம் ஆகியும் பாடத்தில் பாதிதான் முடிந்திருக்கும் போலிருக்கிறது. ஆனால் அது பரணுக்குப் போகவில்லையே, ஏன்? திருப்பிக் கொடுக்க முடியாது என்பதாலா, பிடித்துப்போனதாலா? இந்த இடத்தில் யோசனை முட்டிக்கொண்டு நின்றது, அவள் அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனாள்.

வேறு பக்கம் என்றால் கை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள், கடையில் யாரும் இல்லாத தைரியம். வலதில் மோதிரம், இடதில் வாட்ச். அவளுடைய பெரியம்மாவுக்கு இடது கை என்று சொல்லவே வராது, பீச்சாங்கை என்று சொல்வதும் அசிங்கம், 'அந்தக் கை' என்பாள். யாருக்காவது வெற்றிலை பாக்குத் தட்டு நீட்டும்போது சின்ன வாணியின் அந்தக் கை முன்னால் போகும், பெரியம்மா வந்தவர்களோடு பேசிக்கொண்டே, பேச்சைக்கூட நிறுத்தாமல், மணிக்கட்டைப் பிடித்துத் தட்டை இந்தக் கைக்கு மாற்றிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். அடி இல்லை, திட்டு இல்லை. அதனால்தான் ஞாபகமே இல்லாமல் போயிற்று. திட்டியிருந்தால் மறந்திருக்கமாட்டாள். காசு கொடுக்க, குங்குமம் எடுக்க, எழுத, சாப்பிட, ஒவ்வொரு இடத்திலும் ஒரு விரல் வந்து மெல்ல மாற்றிவைத்தது, கோணலாக மாட்டின காலண்டரைப் போகிற போக்கில் நேராக்குவது போல. அப்படியானால் மாற்றுவதற்கு முன்னால் இவள் யார்? இது என்ன புதுக் கேள்வி, கோல்ஃப் கடையில் நின்றுகொண்டு. சீப்பை எந்தக் கையில் பிடிக்கிறோம்? கையை மேலே கொண்டுபோய்ப் பார்த்தாள், வலது போயிற்று, ஆனால் நினைத்துப் பார்த்துக்கொண்டு போகிற கையை நம்பலாமா? துணி பிழிகிறபோது எந்தக் கை முறுக்கும், எந்தக் கை சும்மா பிடிக்கும்? ஊறுகாய் ஜாடி மூடி? கேட் தாழ்ப்பாள்? நாளெல்லாம் கூடவே இருந்து வேலை செய்கிற இரண்டு பேரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. கீபோர்டு வாத்தியார் ஒன்று சொன்னாரே. எல்லாரும் இடது கைக்குத்தான் திணறுவார்கள், உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறது, வலது கையில்தான் பாட்டு நொண்டுகிறது, விசித்திரம் என்றார். கார் பழக்கினவர், கியர் ஜம்முனு போடறீங்க, ஸ்டியரிங்தான் பிடிபட மாட்டேங்குது என்றார். அப்போது இரண்டையும் சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். சமாதானத்துக்குச் சொல்கிறவர்கள் இரண்டு பேரும் ஒரே கையைப் புகழ்வார்களா? இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பயமா, திருடனைப் பிடிக்கப் போகிற ஆவலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆவல்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

வாழ்க்கையில் அவள் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்று உண்டு. தொண்ணூற்று மூன்றில், காந்திபுரத்திலிருந்து காலேஜுக்குப் போகிற டவுன் பஸ்ஸில், பின்னால் நின்று உரசிக்கொண்டே வந்தவனைத் திரும்பி விட்டாள் ஓர் அறை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவள் எதையும் அவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை, கேரம் காயைக்கூட. அது எந்தக் கை? கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினாள். கம்பி தலைக்கு மேலே இருந்தது, வலது கை கம்பியில், தோளில் பை. அறைந்தது இடது. இடதேதான், வாட்ச் கழன்று முழங்கைப் பக்கம் ஏறினதுகூட ஞாபகம் வந்தது. ஆகா என்று கண்ணைத் திறந்தாள். உடனே மனசுக்குள் உட்கார்ந்திருந்த வக்கீல் எழுந்து நின்றான். வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தால் அது பலமான கை என்பதால்தானே? மிச்சம் இருந்த கையால் அடித்திருக்கிறாய், அதில் என்ன அத்தாட்சி? அதுவும் சரிதான். ஒருவேளை அடிப்பதற்காகவே நல்ல கையைச் சும்மா விட்டு வைத்திருந்தாளோ? பஸ் திரும்பத் திரும்பக் காந்திபுரத்திலிருந்து கிளம்பியது, அவள் திரும்பத் திரும்ப அவனை அறைந்தாள், தீர்ப்பு மட்டும் வரவில்லை. பாவம், அவனுக்கு இன்றைக்கு அறுபது வயதாவது இருக்கும், எங்கேயோ உட்கார்ந்து காரணம் தெரியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பான்.

"வந்துட்டனுங்க மேடம்" என்று அருள்பிரகாசம் மூச்சு வாங்க இறங்கி வந்தார். பை பார்க்க ஜோராக இருந்தது, கத்தரிப்பூ நிறம், உள்ளே மட்டைகள் தலைக்கு உறை போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. பார்த்ததும் அவளுக்கு அந்தப் பழைய ஆசை தொண்டை வரை வந்துவிட்டது, இதை ஹாலில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று. கடையின் பின்பக்கம் வலை கட்டின ஒரு சின்ன இடத்தில் பச்சைப் பாய் விரித்திருந்தது. ஏழாம் நம்பர் ஐயனை எடுத்துக் கொடுத்து, "பீச்சாங்கை மேல, சோத்தாங்கை கீழ, அப்படித்தானுங்க, சும்மா வீசுங்க" என்றார். ரைட்டுக்கு எதற்கு அந்தக் கை மேலே வருகிறது, அப்படியானால் முன்னால் நின்று இழுப்பது யார், பின்னால் நின்று தள்ளுவது யார் என்று ஒரு சந்தேகம் ஓடியது. வீசினாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி வீசினாள், பாய் அதிர்ந்தது. மூன்றாவது தடவை பந்து ரொம்ப மரியாதையாக ஓர் அடி உருண்டு நின்றது. "பழகப் பழக வந்துருமுங்க" என்றார் அருள்பிரகாசம். இந்த வார்த்தையையும் அவள் மூன்று தடவை கேட்டிருக்கிறாள், கீபோர்டுக்கு, தையலுக்கு, காருக்கு. இரண்டடி தள்ளிப் பந்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள், கையை மாற்றிப் பிடித்தாள், மட்டை முகம் எதிர்ப்பக்கம் பார்த்தது, அதன் நுனி தரையைப் பார்க்கும்படி தலைகீழாகத் திருப்பிக்கொண்டாள். "மேடம், அது தலைகீழுங்க" என்று அவர் பதறி முடிப்பதற்குள் வீசிவிட்டாள். பந்து நேராகப் போகவில்லை, கோணலாகப் போய் வலையின் ஓரத்தில் படீரென்று இடித்தது. ஆனால் போயிற்று. தோளும் இடுப்பும் காலும் யாரையும் கேட்காமல் சேர்ந்து ஒரு காரியம் செய்து முடித்திருந்தன. குருட்டாம்போக்கில் பட்டதாகவும் இருக்கலாம். ஒரு அடியை வைத்து எப்படிச் சொல்வது? "லெஃப்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அருள்பிரகாசம் கண்ணாடியைக் கீழே இறக்கி முதல்முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். "லெஃப்ட்டெல்லாம் இங்க யாரும் கேக்கறதில்லீங்க. ஆர்டர் போட்டா ரெண்டு மாசம் ஆகுமுங்க. ரைட்டுலயே பழகிக்கலாமுங்க, நம்மாளுக அப்படித்தான் பழகிக்கறாங்க."

பழகிக்கலாம். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். கத்தரிப்பூப் பை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. வாங்கினால் பரண். வாங்காமல் போனால் தோற்றுப்போன மாதிரி. இரண்டும் வேண்டாம் என்று தோன்றியபோது கை தானாகப் போனை எடுத்துக் குமரகுருவைக் கூப்பிட்டுவிட்டது. எதிர்முனையில் அவருடைய பட்டறை இரைந்தது, லேத் ஓடுகிற சத்தம்.

"ஏனுங்க, நான் கோல்ஃப் கடையில நிக்கறேன்."

"அடடா. வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லீங்க. ரைட்டா லெஃப்ட்டான்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியலீங்க."

"லெஃப்ட்டு" என்றார், வீட்டு நம்பர் சொல்கிற மாதிரி.

அவள் வலைப் பக்கம் நகர்ந்துகொண்டாள், அருள்பிரகாசத்துக்குக் கேட்க வேண்டாம் என்று. "உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"நல்லாக் கேட்ட போ. இருவத்தெட்டு வருசமாப் பக்கத்துல படுக்கறேன். தூக்கத்துல நீ கொசு அடிக்கிறது பீச்சாங்கையிலதான். கொசுவுக்குப் பாதி, எனக்குப் பாதி." லேத் நின்றது, யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். "கடைக்குப் போனா ரைட்டுத்தான் தலையில கட்டுவாங்க. லெஃப்ட்டு மட்டை இந்த ஊர்லயே கிடையாது. அதுக்குத்தான் ரங்கசாமிகிட்டச் சொல்லி ஊட்டியில யாரோ வெச்சிருந்ததுல ரெண்டைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கு. ரெண்டு வாரமா உனக்காகக் கெடக்குது. மொதல்ல அவன்கிட்டப் போன்னு எதுக்குச் சொன்னேன்?"

"இதை வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?"

"நீ லெஃப்ட்டுன்னு உனக்கே தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோகிலவாணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன் கையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று, பெற்று வளர்த்தவர்கள் மாற்றி மறக்கடித்த ஒன்று, இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் தூக்கத்தில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார், தெரிந்துகொண்டு மோட்டார் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கோபத்துக்கு அடியில் வேறொன்று ஊறிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான் அது, சொல்வதற்கென்ன, கண் கரிக்கிற அளவுக்குச் சந்தோஷம். ஒரு மாதமாக அவள் வைத வார்த்தைக்குள்ளே அவர் அவளுக்காக ஊட்டி வரைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நாள் தான்தான் பாடம் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். எதிர்ப் பக்கத்திலும் ஒருவர் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை. மட்டையைப் பைக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். போனை இன்னும் காதோடு நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி இன்னும் என்னென்ன தெரியுமுங்க உங்களுக்கு?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டது. அவருக்கு வெட்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தாள். பிறகு, "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு என்கூடக் கிளம்பு" என்றார். "ஆட வேண்டாம், சும்மா கூட வா. நடந்துட்டே சொல்றேன். பதினெட்டுக் குழி இருக்குதல்ல."